பாதிச் சட்டம்

எங்கள் பள்ளிவாசலில் தப்புச் செய்தவன் நிற்பதற்கென்று ஓர் இடம் இருந்தது. செருப்பைக் கழற்றிப் போடுகிற படிக்கு உள்பக்கம், கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு தூணோரம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜமாஅத் தலைவர் எழுந்து அவன் பேரையும் அவன் செய்ததையும் சொல்வார். அவன் நின்ற இடத்திலேயே ஒப்புக்கொள்வான். இமாம் என்ற முறையில் நான் அவனுக்காக மன்னிப்புக் கேட்டு துஆ செய்வேன். மூன்று வெள்ளிக்கிழமை அவன் அந்தச் செருப்போரத்தில்தான் தொழ வேண்டும். அதோடு சரி. அதற்குப் பிறகு யாராவது அந்தத் தப்பைக் குத்திக் காட்டினால், குத்திக் காட்டியவன் போய் அங்கே நிற்க வேண்டியதுதான்.

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் இருந்த ஊர் அது. எங்களவர்கள் அறுபது வீடு. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் தலைவர் உதுமான்கனி ஹாஜியார். உளுந்து, பாசிப்பயறு மண்டி வைத்திருந்தார். நெட்டையான மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. அவருடைய சொந்த அக்கா மகன், அளக்கிற படியின் அடியை உள்பக்கமாகத் தட்டி வைத்து வியாபாரம் செய்தான் என்று தெரிந்தபோது அவனையும் தூணோரம் நிறுத்தினார். அன்றைக்கு அந்த அக்கா சுவருக்கு வெளியே நின்று அழுதது உள்ளே எல்லாருக்கும் கேட்டது. மருமகன் பேரைச் சொல்லும்போது ஹாஜியார் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் லேசில் கிடைக்காது. ஒன்றே ஒன்றுதான், அவர் எல்லாரையும் கேட்பார், அவரைக் கேட்க ஆள் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த இமாம் ஏதோ ஒரு நிக்காஹ் விஷயத்தில் சபையில் வைத்து அவரை மறுத்துப் பேசினாராம். அடுத்த வாரம் டிரங்குப் பெட்டியோடு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். அவராகப் போனாரா, அனுப்பப்பட்டாரா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காமல் பயப்படுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் கடையநல்லூர்ப் பக்கத்துக்காரன். ஏழு வருஷம் மதரஸாவில் மார்க்கச் சட்டம் படித்தவன். மூன்று பெண்பிள்ளைகள். பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருக்க ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்துச் சோறு வரும். இந்த வீட்டையும் சோற்றையும் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோடை. முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கால் மாட்டி ஆடுகள் நொண்டின. ஊர்க் கிணறு வற்றியது, ஊருணி காய்ந்தது. தண்ணீர் லாரி வருகிறது என்று சொன்னார்கள், வருகிற நாளைச் சொல்லவில்லை. ஊரில் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில், எங்கள் பள்ளிவாசல் கிணற்றில். பத்து முழம் கயிறு விட்டால் நல்ல தண்ணீர். அந்தக் காலத்தில் ஒரு பெரிய மனிதர் வெட்டி, பள்ளிக்கு வக்ஃபாக, அறக்கொடையாக எழுதிவைத்த கிணறு. தொழுகைக்கு முன்னால் முகம், கைகால் கழுவுகிற ஒளுவுக்காக என்று சுவரில் கல்வெட்டே இருந்தது. ஆனாலும் பக்கத்துத் தெருப் பெண்கள் நெடுநாளாகவே ஒன்றிரண்டு குடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோடையில் ஒன்றிரண்டு குடம் நூறு குடமானது.

ஒளுத் தொட்டியில் தண்ணீர் இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மீராப்பிள்ளை என்பவர் பேச்சை எடுத்தார். ஊரில் யார் வீட்டில் என்ன குறை என்று அவருக்கு மனப்பாடம், தன் வீட்டைத் தவிர. இப்படியே விட்டால் பத்து நாளில் ஒளுவுக்குச் சொட்டு இருக்காது, அல்லாஹ்வின் வீட்டுக் கிணற்றை ஊர்ப் பொதுக் கிணறாக்கியது யார் என்று கேட்டார். சிலர் தலையை ஆட்டினார்கள். ஹாஜியார் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஹஜரத், வக்ஃபுத் தண்ணிய நம்ம இஷ்டத்துக்கு வேற எதுக்கும் குடுக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?”

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. ஹாஜியார் முகத்தில் முடிவு முன்கூட்டியே இருந்ததாக எனக்குத் தோன்றியது.

“எழுதி வச்சவிய சொன்ன நிபந்தனை சட்டத்துக்குச் சமம்தான், ஹாஜியார்,” என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் பாதி. தாகத்தில் ஓர் உயிர் இருந்தால், அது எந்தச் சாதி எந்த மதத்து உயிராக இருந்தாலும், ஆடுமாடாகவே இருந்தாலும், ஒளுத் தண்ணீர் அந்த உயிருக்குத்தான். தொழுகிறவன் சுத்தமான மண்ணில் கையைத் தட்டி, முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டு தொழ வேண்டும். தயம்மும் என்று அதற்குப் பேர். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். யாராவது அடுத்த கேள்வி கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே கிணற்றடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. ஹாஜியார் தன் வீட்டுக்கும் ஒரு குடம் எடுக்கவில்லை. அவருடைய மனைவி மாட்டுவண்டிப் பீப்பாய்த் தண்ணீரை விலைக்கு வாங்கிச் சமைத்தார். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் அநியாயக்காரர் இல்லை. தனக்குத் தெரிந்த சட்டப்படி நடந்தார். அவருக்குத் தெரிந்தது நான் சொன்ன பாதி.

சாவி மோதினார் சிந்தாமதாரிடம் இருந்தது. பாங்கு சொல்கிறதும் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிறதும் அவர் வேலை. இருபது வருஷமாக அந்த உருளையில் கயிறு இழுத்து அவர் உள்ளங்கை தடித்துப் போயிருந்தது. பெண்டாட்டி இறந்துபோய் ஒண்டிக்கட்டை. எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆனில் இரண்டு சின்ன அத்தியாயம்தான் பாடம், அதிலும் ஒன்றில் எப்போதும் தடுமாறுவார். நான் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் ஆறுமுகத்தாய் இருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைச் செருகிக் கட்டை அடுக்குகிற வேலை. கைக்குழந்தை ஒன்று, படுத்த படுக்கையாக மாமனார், அவரைப் பார்த்துக்கொள்கிற மாமியார். புருஷன் மாடக்கண்ணு மூட்டை தூக்குகிறவன். பூட்டுப் போட்ட மூன்றாம் நாள் அவள் சுவரோரம் நின்று மோதினாரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் காலையில் இரண்டு குடம், சாயங்காலம் ஒரு குடம் என்று சுவருக்கு மேலாகக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மீராப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது.

அன்றே ஹாஜியார் மோதினாரைக் கூப்பிட்டு விசாரித்தார். மோதினார் மறைக்கவில்லை. குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது, கொடுத்தேன் என்றார். நம்பிக் கொடுத்த சாவி, வக்ஃபுச் சொத்து, கேட்காமல் எடுத்துக் கொடுத்தது தப்பு, வெள்ளிக்கிழமை தூணோரம் நிற்க வேண்டும் என்று ஹாஜியார் சொன்னார். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் ஒருமுறை அவரே வந்து கதவைத் திறந்துவிட்டு, தொட்டி நிறைந்ததும் பூட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் மோதினார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஹஜரத், வெள்ளிக்கெழம நிக்கச் சொன்னா நிக்கேன். அதுல ஒண்ணுமில்ல. ஆனா நான் செஞ்சது ஹராமா? நாளைக்கு மறுமையில கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க.”

படிக்காத மனிதன் படித்தவனிடம் கேட்கிற நேரான கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அன்றைய முறை வீட்டிலிருந்து சோற்றுத் தூக்கு வந்தது, வந்தது ஹாஜியார் வீட்டு முறை. பொறுமையா இருங்க மோதினார், பார்த்துக்கலாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆறுமுகத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஒன்றரை மைலில் ஒரு பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத இறங்கு கிணறு. அடியில் நாலைந்து சிரட்டைத் தண்ணீர் கசிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதிப் படியில் கல் பெயர்ந்து உள்ளே விழுந்துவிட்டாள். ஆடு மேய்க்கிறவர்கள் சத்தம் கேட்டுக் கயிறு கட்டித் தூக்கினார்கள். உயிர் இருந்தது, இடுப்பு முறிந்துவிட்டது.

மாடக்கண்ணு ஓடிவந்து நின்றது மண்டி வாசலில். ஹாஜியார் அந்த நிமிஷமே மூட்டையை இறக்கச் சொல்லி, வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடவே போனார். அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஹாஜியார் நேராகப் பள்ளிவாசலுக்கு வந்தார். சட்டையில் கரிசல் மண் ஒட்டியிருந்தது, மாற்றாமலே தொழுதார். அவர் மனசு ஆடிவிட்டது எனக்குத் தெரிந்தது. அப்போது போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தது. மோதினார் தூணோரம் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனியாமல் நின்றார். ஹாஜியார் எழுந்து அவர் பேரைச் சொன்னார், கேட்காமல் வக்ஃபுத் தண்ணீரை வெளியே கொடுத்ததைச் சொன்னார். குரல் எப்போதும் போல் இல்லை. ஆமா, குடுத்தேன் என்றார் மோதினார். பிறகு வழக்கப்படி ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

“துஆ செய்யுங்க, ஹஜரத்.”

எத்தனையோ பேருக்குச் செய்த துஆ. குடித்தவனுக்கும் பொய்ச்சத்தியம் செய்தவனுக்கும் எளிதாக எழுந்த கை அன்றைக்கு எழவில்லை. இந்த மனிதனை மன்னித்துவிடு என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன். மன்னிக்க வேண்டியது என்னை. ஜனங்கள் கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தார்கள். 

“செய்ய முடியாது, ஹாஜியார். மோதினார் தப்பு செய்யல. போன வெள்ளிக்கெழம நான் பாதிச் சட்டந்தான் சொன்னேன்.”

“மீதி என்ன?”

சொன்னேன். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். மீராப்பிள்ளை ஏதோ குறுக்கே பேச வந்தார், ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பெறவு ஏன் சொல்லல?”

“பயம்.”

“யாருக்குப் பயந்திய?”

“ஒங்களுக்குத்தான்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டிகூட ஞாபகம் வந்தது. அவர் கோபப்படவில்லை. முன்வரிசைத் தூண் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டார்.  கிணற்றில் விழுந்த பெண்ணை வண்டியில் தூக்கிவைத்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை என்று கூடப் போனவர்கள் பிறகு சொன்னார்கள்.

“என்ட்ட நெசத்தச் சொல்ல மார்க்கம் படிச்ச ஒரு ஆலிம் பயப்படுத மாதிரி நான் இருந்திருக்கேன்,” என்றார். “அது இத்தன வருசமா எனக்குத் தெரியல. ஊர்ல அத்தன பேரயும் கவனிச்சேன்.”

பிறகு வரிசைகளைப் பிளந்துகொண்டு செருப்போரத்துக்கு நடந்தார். மோதினார் பக்கத்தில் போய் நின்றார். மற்றவர்கள் பேரைச் சொல்கிற அதே குரலில், தாழ்த்தாமல், உதுமான்கனி, தண்ணி இருக்கக் கிணற்றைப் பூட்டினவன், மீதிச் சட்டத்தைக் கேட்காதவன் என்று சொன்னார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மோதினார் கையில் வைத்து, நீங்க முன்னால போங்க என்றார். மோதினாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹாஜியார் அவர் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளிவிட்டார்.

என்னை அவர் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. என் இடம் எது என்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முன்வரிசையிலிருந்து தூண் இருபது அடி. அந்த இருபது அடியை நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் துஆ செய்தது சிந்தாமதார். அரபி வராமல், தமிழிலேயே, ரெண்டு பேரும் நல்லவிய, தெரியாம நடந்து போச்சு, மன்னிச்சிரு ரப்பே என்றார். தெரிந்து செய்தவனையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

கதவைத் திறந்து வைத்த பிறகும் பெண்கள் உடனே வரவில்லை. திறந்தவர்கள் மறுபடி பூட்டமாட்டார்கள் என்று என்ன நிச்சயம். மோதினார் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் முதல் குடம் வந்தது. ஆறுமுகத்தாயின் மாமியார் வெயிலம்மாள், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் குடம். ஒரு பக்கம் நசுங்கிய அந்தப் பித்தளைக் குடத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. பாழுங்கிணற்றிலிருந்து பெண்ணோடு சேர்த்து எடுத்துக் கொடுத்த குடம். கிழவி எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது.

அன்றைக்கு அஸருக்கு யாரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஜமாஅத் முழுவதும் பள்ளிவாசலுக்குத் தெற்கே இருந்த காலிப் புஞ்சையில் குனிந்து, காய்ந்த கரிசல் புழுதியில் கையைத் தட்டியது. முகத்தில் தடவிக்கொண்டு வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. தொழ வைத்தவர் சிந்தாமதார். செருப்போரத்தில் நானும் ஹாஜியாரும். அஸரில் ஓதுவது பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழாது, இமாம் மனசுக்குள்தான் ஓதுவார். அந்த ஒரு அத்தியாயத்தில் அவர் தடுமாறினாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதெல்லாம் கிணற்று உருளைச் சத்தம்தான். தொழுகை முடிகிறவரை அது நிற்கவே இல்லை.

மூன்று வெள்ளிக்கிழமை நின்றோம். மூன்றாம் வெள்ளியன்று ஹாஜியார் தலைவர் பதவியை விடுவதாகச் சொன்னார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் ஒரு நிபந்தனை, மாதம் ஒரு ஜும்மாவில் நான் தூணோரம் நிற்பேன், என் மேல் குறை இருக்கிறவர்கள் எழுந்து சொல்ல வேண்டும் என்றார். முதல் மாதம் ஒருவரும் எழவில்லை. இரண்டாம் மாதம் அவருடைய மருமகன், அந்தக் கள்ளப் படி வைத்திருந்தவன், எழுந்து ஒரு குறை சொன்னான். ஹாஜியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என்னையும் ஊரைவிட்டு அனுப்பவில்லை. சோறு முறைப்படி வந்தது. எங்கள் ஏற்பாட்டின்படி என் தப்பை யாரும் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. நானும் அது கழிந்துவிட்டது என்றுதான் இருந்தேன்.

ஆனால் ஆறுமுகத்தாய் எங்கள் ஜமாஅத் இல்லை. புரட்டாசியில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அவள் கிணற்றடிக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்க இனி அவளால் முடியாது. ஒரு கால் இழுத்தது. நான் தொட்டியோரம் நின்றிருந்தேன். நிறைந்த குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தண்ணியக் குடுக்கணும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமாமே. நெசமா, அய்யா?”

“நெசந்தான், தாயி.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுல இனிமே கொடம் நிக்காது. தூக்கிட்டு வாங்க.”

நசுங்கிய குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். தெருவே பார்த்தது. ஜிப்பா நனைந்தது. குடிசைக்குள் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது, நாளைக்குக் காலையில ரெண்டு கொடம் வேணும் என்றாள். காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. மோதினார் கொடுத்துக்கொண்டிருந்த அதே கணக்கு. மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு முதல் குடத்தை நான் இறைத்தேன்.